ஆணி அடிக்கும் இடம்

எங்கள் ஊர் நூலகத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு எதை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்கும் என யாரோ நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. படம் மாட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இது வெறும் கணக்கு வேலை என்றுதான் நான் எண்ணினேன். கணக்கும் உண்டு. படத்தின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் இருந்தால் நிற்கிறவர் கண்ணுக்குச் சௌகரியம். ஆனால் ஆணியை 57இல் அடித்தால் மோசம் போவீர்கள். சட்டத்தின் உயரம் 16 அங்குலம் என்றால் அதில் பாதியான எட்டைக் கூட்ட வேண்டும். பின்புறக் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது மேல் விளிம்புக்கு எவ்வளவு கீழே நிற்கிறதோ, அந்த மூன்று அங்குலத்தைக் கழிக்க வேண்டும். ஆணி 62இல். 15 அடிச் சுவரில் 20 அங்குல அகலப் படங்கள் நான்கு என்றால் மிச்சம் 100 அங்குலம், ஐந்து இடைவெளி, இடைவெளிக்கு 20. ஆசாரி ரசமட்டம் வைத்துப் பார்த்து, “சரியா இருக்குங்க” என்றார். எல்லாப் படத்துக்கும் சம இடம். இதைவிட நியாயம் ஏது?

அந்தச் சுவரில் தேர், சந்தை, பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகியவற்றோடு நான்காவதாக ஒரு படம் இருந்தது. பாதாளச் சாக்கடையின் வாயிலிருந்து ஒரு மனிதனின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிகின்றன. பாதுகாப்புச் சாதனம் எதுவும் இல்லாமல் ஆளை உள்ளே இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்தாயிற்று.

திறந்த மறுநாள் அந்தப் படத்தின் முன்னால் கூட்டம் நின்றுவிட்டது. குறுகலான கூடம், பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாகவே அதைக் கழற்றி மாடிப்படியருகே மாட்டச் செய்தேன். வழி அடைபடுகிறது என்று காரணம் சொன்னேன். பொய்யல்ல. சுவரில் மிஞ்சியவை மூன்று. மிச்சம் 120 அங்குலம், நான்கு இடைவெளி, இடைவெளிக்கு 30. கணக்கு அதற்கும் உடனே சரியாக வந்துவிட்டது.

இதே காரியத்தைப் பெரிய மனிதர் ஒருவரும் செய்திருக்கிறார் என்று பிறகுதான் படித்தேன். 1955இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சியை வைத்தார். 68 நாடுகளிலிருந்து 503 படங்கள். சட்டமில்லாமல் பலகையில் ஒட்டி, சிலவற்றை அந்தரத்தில் தொங்கவிட்டு, சிலவற்றைச் சுவரளவுக்குப் பெருக்கி, காதல், பிரசவம், உழைப்பு, சாவு என்று ஜனங்களை நடத்திக்கொண்டு போனார்கள். அதில் ஒன்று, 1937இல் மிஸிஸிப்பி மாநிலத்தில் வெறிக்கும்பல் மரத்தோடு பிணைத்துக் கொன்ற ஒரு கறுப்பினத்தவரின் படம். திறந்த சில நாட்களிலேயே ஸ்டைக்கன் அதை எடுத்துவிட்டார். பார்ப்பவர்கள் அங்கேயே நின்றுவிட, கண்காட்சியின் ஓட்டம் தடைப்பட்டதாம்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று நானும் நாவல்களில் அத்தியாயங்களை வெட்டி எறிந்தவன்தான். ஒரு படம் போடுகிற கூச்சலில் மற்ற 502ம் ஊமையாகிவிடலாமா?

ஆனால் அதே கண்காட்சியில், இருட்டறை ஒன்றில், பின்னாலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, ஹைட்ரஜன் குண்டு வெடிக்கும் வண்ணப் படம் இருந்தது. அதன் முன்னால் யாரும் நிற்காமலா போயிருப்பார்கள்? அதை அவர் எடுக்கவில்லை. குண்டின் பயம் மனித குலம் முழுவதற்கும் பொது. யாரும் தனியாகத் தலைகுனிய வேண்டியதில்லை. மரத்தடிக் கொலை அப்படியல்ல. அதைச் செய்தவர்களுக்கு ஊர் உண்டு, அக்கம்பக்கம் உண்டு. எங்கள் சாக்கடைக்கும் தெருப் பெயர் உண்டு. என் வீட்டுக் குழாயும் அதில்தான் போய்ச் சேர்கிறது.

இதெல்லாம் பின்னால் வந்த யோசனை. அன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மாடிப்படியருகே அந்தப் படம் சரியாக 57 அங்குலத்தில்தான் இருந்தது; ஆனால் படியேறுகிறவன் கண் படியில் இருக்கும். மாலை வரை அங்கே ஒருவரும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் ஆசாரியை மறுபடி கூப்பிட்டேன். சாக்கடைப் படத்தைப் பழைய சுவருக்கே கொண்டுவந்து, கூட்டம் நிற்க இடம் வேண்டுமென்று தேரையும் சந்தையையும் எதிர்ச்சுவரில் நெருக்கி மாட்டச் சொன்னேன்.

“அளவு பிசகுதுங்களே” என்றார்.

“பிசகட்டும் ஆசாரியாரே, அடியுங்கள்.”

தேரைப் படம் எடுத்தவர் நல்ல கலைஞர்; அந்த ஒரு படத்துக்காக மூன்று வருஷம் திருவிழாவுக்குத் திருவிழா காத்திருந்தவர். அதன் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்குச் சொல்ல எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.