காவலும் கருத்தும்

ஓர் அரசு தன் கொள்கையை அயற்கருத்துகள் அணுகாமல் காத்துவிட இயலுமா? விடை தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் ஐதராபாத்தே சான்று பகரும்.

நிஜாம் ஆட்சி 1918இல் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தை நிறுவி, உருது மொழியிலேயே உயர்கல்வி அளித்தது. போற்றத்தக்க செயல் அது. ஆயின் விடுதலை இயக்கத்தை வெளியார் தூண்டுதலெனக் கருதிய அவ்வாட்சி, 1938இல் ‘வந்தே மாதரம்’ பாடிய மாணவர்களை வெளியேற்றியது. பலர் நாகபுரி சென்று கல்வியைத் தொடர்ந்தனர். 1991இல் இந்தியாவின் பிரதமரான பி. வி. நரசிம்மராவ் அவர்களுள் ஒருவர்.

1948இல் நிஜாம் ஆட்சி முடிவுற்றது. அதனை வீழ்த்தியது பாட்டன்று, படை. எனினும் பாட்டைத் தடுத்த காவல் ஆட்சியைக் காக்கவுமில்லை.

கசக்கும் சொல்லையும் பொறுப்பதே வேந்தர்க்குரிய பண்பென்பது வள்ளுவர் நெறி. மறுப்பைக் கேளாத கொள்கை தன் வலிமையைத் தானே அறியாது. அரசுக்கு மட்டுமன்று, நம் இல்லங்களுக்கும் சங்கங்களுக்கும் இஃது ஒக்கும்.