காவி கட்டிய மரங்கள்

பிக்குவாகச் சேர வருபவரிடம் பௌத்த சங்கம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: “நீ மனிதன்தானா?” நாகம் ஒன்று மனித உருவில் வந்து துறவு பெற்றது, உறங்கும்போது அதன் சொந்த உரு வெளிப்பட்டுவிட்டது. அதன் பிறகே புத்தர் இந்த விதியை வகுத்தார் என்கிறது துறவிகளின் விதிநூலான விநயபிடகம். அப்படிப்பட்ட சங்கத்தைச் சேர்ந்த தாய்லாந்துப் பிக்குகள், 1980களின் பிற்பகுதியில் மரங்களுக்குக் காவித்துணி சுற்றி, பாலி மொழியில் ஓதி, துறவு அளிக்கத் தொடங்கினார்கள். முதலில் செய்தவர் என்று பயாவ் மாகாணத்தின் பிரக்ரு மனாஸ் நதீபிதக்கைச் சொல்வார்கள்.

மடங்களுக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத மரம் எப்படித் துறவியாகும்? சடங்கை மலிவாக்குகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள் என்றார்கள்.

மரங்களுக்குக் காவி கட்டிய பிக்குகளை இந்த இடத்துக்குத் தள்ளிய நிலைமை கொடியது. 1961இல் தாய்லாந்து நிலப்பரப்பில் ஏறத்தாழ 53 சதவீதம் காடு. 1988இல் 28 சதவீதம்தான். குத்தகை எடுத்த நிறுவனங்கள் பெருமரங்களை வெட்டின. கம்யூனிஸ்டு கிளர்ச்சியை ஒடுக்கப் போட்ட சாலைகள் காட்டின் நடுப்பகுதிவரை வழி திறந்தன. அந்த வழியே வந்த ஏழை உழவர்கள், ஐரோப்பியக் கால்நடைத் தீவனத்துக்காக மரவள்ளி பயிரிட்டார்கள். தெற்கே மலைச்சரிவுகளில் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். 1988 நவம்பர் மழையில் அந்தச் சரிவுகள் பெயர்ந்தன. மண்ணோடு வெட்டுமரங்களும் உருண்டு வந்து ஊர்களை மூடின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1989 ஜனவரியில் அரசு இயற்கைக் காடுகளில் மரவெட்டுக் குத்தகையைத் தடை செய்தது. உடனே மர வியாபாரிகள் எல்லை தாண்டி பர்மா, லாவோஸ், கம்போடியக் காடுகளுக்குப் போனார்கள். ஒரு நாடு கதவை மூடினால் அடுத்த நாட்டுக் காடு விழுகிறது.

மடங்களுக்குள் எழுந்த எதிர்ப்புக்கு அந்தப் பிக்குகளிடம் பதில் இருந்தது. மரத்தை முழுத் துறவியாக்கவில்லை, புனிதமாக்குகிறோம், அவ்வளவே என்றார்கள். விநயத்திலும் அவர்களுக்குத் துணை உண்டு. உயிருள்ள செடிகொடிகளை அழிப்பது பிக்குவுக்குக் குற்றம். மரத்தில் குடியிருந்த தேவதை, அதை வெட்டிய பிக்குவைப் பற்றிப் புத்தரிடம் முறையிட்ட கதையிலிருந்தே அந்த விதி பிறந்தது.

ஆனாலும் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. காவியைக் கண்டு பயந்து கோடரியைக் கீழே போடுபவன் அறத்தை உணர்ந்தவனா? பயம் ஓரளவுதான் காக்கும். துன்பத்துக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை அறுத்தால்தான் துன்பம் அறும் என்பது பௌத்தத்தின் அடிப்படை. கடன்பட்ட உழவனின் காடழிப்புக்கும் அதே கணக்குத்தான் பொருந்தும். லாவோஸ் எல்லையோர ‘நான்’ மாகாணத்தின் பிக்கு பிரக்ரு பிதக் நந்தகுன் இதைப் புரிந்துகொண்டவர். சடங்கோடு அவர் நிற்கவில்லை. ஊர்க்காடு, மீன் பிடிக்கக் கூடாத ஆற்றுப்பகுதி, ஒரே சந்தைப்பயிரை நம்பாத வேளாண்மை என்று ஊராரையே காவலர்களாக்கினார். அப்படியும் பிற்காலத்தில் அதே மாகாணத்து மலைகளைத் தீவனச் சோளம் விழுங்கியது. தனி ஊரின் பக்தியைவிடச் சந்தையின் இழுப்பு வலிது.

அரசும் காவிக்கு எப்போதும் தலைவணங்கவில்லை. புரிராம் மாகாணத்தின் தோங்யாய் காட்டில் பிக்கு பிரா பிரஜாக் குட்டஜித்தோ மரங்களுக்குக் காவி கட்டினார்; யூக்கலிப்டஸ் தோட்டத்துக்காகக் குடியானவர்களை வெளியேற்றுவதை எதிர்த்தார். 1991இல் அவரைக் கைது செய்தார்கள். பின்னாளில் அவர் காவியைத் துறந்தார். மரத்தைப் புனிதம் என்று சொன்னதை அரசு பொறுத்துக்கொண்டது. அந்த மரத்தடியில் வாழ்பவனுக்கு உரிமை உண்டு என்று சொன்னபோதுதான் கைது வந்தது.

அந்த உரிமைக்காக ஊரார் பல பத்தாண்டுகள் போராடிய பின் 2019இல் சமூகக் காடுகள் சட்டம் வந்தது. தேசியப் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட காடுகளுக்கு அது பொருந்தாது. அந்தப் பூங்காக்கள் அறிவிக்கப்படும் முன்பிருந்தே அங்கே வாழ்ந்துவரும் ஊர்களுக்கு அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. அந்த ஊராரையும் சேர்க்காமல் அந்தக் காடுகளைக் காக்க முடியும் என்று நம்ப இந்த வரலாற்றில் எந்த ஆதாரமும் இல்லை.