ஆடும் உரிமை போதுமா?

ஆடுவதற்கு ஒரு களம், பற்றுவதற்கு ஒரு மட்டை, பாராட்டுவதற்கு நாலு கைகள்! இவை கிடைத்துவிட்டால் விளையாட்டிலே பெண்ணுக்குச் சம உரிமை வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? ஆடுகிறவள் பெண், ஆட்டத்தைக் கற்பிப்பவர், அணியைத் தேர்ந்தெடுப்பவர், பணத்தைப் பங்கிடுபவர் அனைவரும் ஆடவர் என்றால், அந்த உரிமைக்கு என்ன பெயர் சூட்டுவது? அமெரிக்கக் கல்லூரிகளின் டென்னிஸ் வரலாறு இக்கேள்வியை நம் முன் நிறுத்துகிறது.

1961ஆம் ஆண்டு. விம்பிள்டனில் மகளிர் இரட்டையர் பட்டம் வென்ற பதினேழு வயது நங்கை, லாஸ் ஏஞ்சலீஸ் அரசுக் கல்லூரியில் படிக்கச் சேர்ந்தார். பின்னாளில் பில்லி ஜீன் கிங் என்று உலகம் போற்றிய வீராங்கனை அவர். உலகப் பட்டம் கையில் இருந்தது. விளையாட்டு உதவித் தொகையோ இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்தார். அதே நகரத்தில், அதே பத்தாண்டில், ஆர்தர் ஆஷ், ஸ்டான் ஸ்மித் போன்ற ஆடவர்க்கு அவரவர் பல்கலைக் கழகங்கள் உதவித் தொகை அளித்தன. அவர்கள் பெற்றது குற்றமன்று. இவர் பெறாததே குற்றம்!

1972 ஜூன் 23இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒன்பதாம் தலைப்பு என்பது அதன் பெயர். மத்திய அரசின் நிதி பெறும் எந்தக் கல்வி நிலையமும், பெண் என்பதற்காகவோ ஆண் என்பதற்காகவோ எவரையும் ஒதுக்கக் கூடாது என்றது அச்சட்டம். விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆயினும் களத்தின் பூட்டை அதுவே திறந்தது. மகளிர் அணிகள் பெருகின. உதவித் தொகை வந்தது. பயிற்சியாளருக்கு ஊதியம் உயர்ந்தது.

அதன் பின் நடந்ததைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டம் வருமுன், மகளிர் அணிகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவற்றுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். உடற்பயிற்சி ஆசிரியைகள், வகுப்பு முடிந்த பின்னர், பெரும்பாலும் தனி ஊதியம் ஏதுமின்றி அணிகளை வளர்த்தனர். 2014இல் எடுத்த கணக்கிலோ அந்த எண் 43 அளவுக்கு இறங்கிவிட்டது! தனியே இயங்கிய மகளிர் துறைகள் ஆடவர் துறைகளோடு இணைக்கப்பட்டன. இயக்குநராக இருந்த பெண்கள் பலர் துணை இயக்குநர் ஆயினர். பெண்களே 1971இல் கண்ட கல்லூரி மகளிர் விளையாட்டுச் சங்கமும் 1982இல் மறைந்தது. ஊதியம் இல்லாதபோது அது பெண்ணின் தொண்டு. ஊதியம் வந்தபோது அது ஆணின் பதவி!

"திறமை உள்ளவர் வருகிறார், இதில் ஆணென்ன, பெண்ணென்ன?" என்பர் சிலர். நல்ல கேள்விதான். ஆனால், வகுப்பறையில் நிற்கும் நமக்கு ஓர் உண்மை தெரியும். கேள்வியே கேட்கப்படாத மாணவியை, விடை அறியாதவள் என்று மதிப்பிடுவது தேர்வு ஆகாது. வாய்ப்பை மறுத்துவிட்டுத் திறமையை அளப்பதும் அத்தகையதே.

சான்று வேண்டுமா? ஸ்டான்போர்டு பல்கலைக் கழக மகளிர் டென்னிஸ் அணிக்கு, பிராங்க் பிரென்னன் என்ற ஆடவர் 2000 வரை பயிற்சியளித்து, 10 தேசியப் பட்டங்களை ஈட்டித் தந்தார். அவர் திறமையை யார் மறுப்பார்? அவருக்குத் துணையாகப் பல்லாண்டு பணியாற்றிய லீலி ஃபரூட், அதே பல்கலைக் கழகத்தில் படித்து ஆடியவர். தலைமை அவர் கைக்கு வந்தது. 2001 முதல் 2019 வரை அவர் ஈட்டியதும் 10 தேசியப் பட்டங்கள்! இடம் தந்தார்கள், திறமை தெரிந்தது. இடம் தராமலே போன இடங்களில் எத்தனை திறமைகள் எவர் கண்ணுக்கும் படாமல் மறைந்தனவோ!

நிர்வாகத்திலும் இதே கதைதான். 1975இல் ஜூடித் ஸ்வீட் என்னும் பெண்மணி, சான்டியேகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தில், ஆடவர், மகளிர் இரு பிரிவுக்கும் சேர்த்து விளையாட்டு இயக்குநர் ஆனார். அந்நாட்டில் அத்தகைய பொறுப்பேற்ற முதல் பெண்களில் ஒருவர் அவர். 1906இல் தோன்றிய தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகத்தின் தலைமைக்கு 1991இல் வந்த முதல் பெண்ணும் அவரே. ஒரு பெண் அந்த நாற்காலியை அடைய 85 ஆண்டுகள்! முதல்வராக வந்தவரை வாழ்த்துகிறோம். ஆனால் ஒருவர் ஏறிவிட்டார் என்பதைக் காட்டி, ஏணியை எல்லோருக்கும் வைத்துவிட்டோம் என்று கூறுவது நேர்மை ஆகாது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே யார் எங்கே அமர்வது என்பதை மனம்தான் முடிவு செய்கிறது. அந்த மனம் மாறாதவரை, பெண் பெற்றது பாதி உரிமையே. ஆடுவதற்கு அவளை அழைப்பவர்கள், ஆட்டத்தை நடத்தவும் அழைக்கட்டும். அன்றுதான் களம் இருவருக்கும் பொதுவாகும்!