ஊர்தியும் ஆணவமும்

சென்ற ஆனித் திங்களில், சிவகாசியில் அச்சுத்தொழில் நடத்தும் அன்பரொருவர், யாம் முன்னர்த் தமிழ் பயிற்றிய மாணாக்கர், புதிய மோட்டார் வண்டி வாங்குதற்கு நன்னாள் குறித்துத் தருமாறு எம்மிடம் வந்தார். பதினோராண்டாக அவர்பால் ஒரு சிறு வண்டி உளது. சாத்தூருக்கும் விருதுநகருக்கும் காகிதக் கட்டுகளோடு அதிலேயே சென்று வருகின்றார். குடும்பத்தார் நால்வரும் அதில் இனிது அமர்வர். பெருவண்டி எற்றுக்கென வினவினேம். “மகளுக்கு வரன் பார்க்கிறோம், ஐயா. மண்டப வாயிலில் இந்த வண்டியைக் கண்டதும் மதிப்புக் குறைந்துவிடுகிறது” என்றார். விலையிற் பெரும்பகுதி கடன், ஏழாண்டுத் தவணை.

இவ்வெண்ணம் அவரொருவர்க்கே உரியதன்று. 2008-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தில்லியில் டாட்டா நிறுவனத்தார் நானோ என்னும் சிறு வண்டியைக் காட்டி, அதன் விலை ஓரிலக்கம் ரூபாய் என்றனர். மழையில் ஒரே ஸ்கூட்டரிற் செல்லும் குடும்பத்தைக் கண்டு எழுந்த கருத்தென்று ரத்தன் டாட்டா கூறினார். கருத்து நன்று. ஆயினும் 2018-இல் அதன் உற்பத்தி நின்றொழிந்தது. சில வண்டிகள் தீப்பற்றியதும் ஒரு காரணமே. எனினும், மிக மலிந்த வண்டி என்ற பெயரே அதற்குப் பகையாயிற்றென்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். நனையாது செல்லுதற்கு உதவும் பொருளை, ஏழையர் பொருளெனப் பிறர் கருதுவரே என்றஞ்சிப் பலர் ஒதுக்கினர்.

தனு கரண புவன போகங்கள் ஆணவமலம் தேய்தற்பொருட்டு இறைவனால் உயிர்கட்குக் கூட்டப்பெற்றன என்பது சித்தாந்தத் துணிபு. ஊர்தி போகத்துள் அடங்கும். ஆடை வெளுப்போன் அழுக்கை நீக்க உவர்மண்ணை ஏற்றுகின்றான்; அம்மண்ணை அலசாது விடின் அதுவும் அழுக்கேயாம். இந்திரன் வெள்ளானை ஊர்கின்றான். நம் பெருமானோ எருதினை ஊர்கின்றான். அதனால் அவன் பெருமை குறைந்ததென்று கூறுவார் யாருமிலர்.

அற்றேல், திருஞானசம்பந்தர்க்குத் திருநெல்வாயில் அரத்துறைப் பெருமான் முத்துச் சிவிகை அருளியது எற்றுக்கு? மரச் சிவிகை போதாதோ எனின், இத்தடை வலியது. யாமும் நெடுநாள் எண்ணியதுண்டு. தந்தையார் தோளினின்றிறங்கி நடந்து வருந்திய பிள்ளையின் அடிகட்காக அஃது அருளப்பெற்றது. பிள்ளையார் அதனை வேண்டிப் பெற்றிலர். இனி, திருப்பூந்துருத்தியில் நிகழ்ந்ததைக் காண்க. அப்பர் எங்குளார் என்று பிள்ளையார் வினவ, அச்சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய் நின்ற நாவரசர் மறுமொழி தந்தார். அது கேட்ட அளவிலே பிள்ளையார் இறங்கி வணங்கினார் என்பர் சேக்கிழார். முத்தாயினும் அஃது இறங்குதற்கு எளிய ஊர்தி.

நம் அன்பர் ஏறக் கருதிய வண்டியினின்று எண்பத்துநான்கு திங்கள் இறங்கல் இயலாது. சிவகாசித் தொழிலின் நிலையை அவர் அறியாதாரல்லர். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்தபின், அவ்வாண்டிறுதியிற் பட்டாசு ஆலைகள் சில திங்கள் மூடிக்கிடந்தன; பெட்டிகட்குச் சீட்டு அச்சிடும் அவர் பொறிகளும் ஓய்ந்தன. அன்று தவணை ஏதுமில்லாமையால் தொழிலாளர் எண்மர்க்கும் பாதிக் கூலியேனும் தந்தார். இன்று அங்ஙனம் நேரின், வண்டிக்கடன் முன்னிற்கும், கூலி பின்னிற்கும். மண்டப வாயிலில் நிற்போர் மதிப்பிற்காக இவ்வெண்மர் இடர்ப்படுதல் அறமாமோ?

பெருவண்டி யாவும் பழிக்கத்தக்கன எனல் எம் கருத்தன்று. முதியோரும் மகாரும் மிக்க வீட்டிற்கு அது வேண்டுவதே. எளிய வண்டி ஊர்வேன் யானே எனச் செருக்குதலும் அம்மலத்தின் மற்றொரு முகம். எம்மையும் கூறல் வேண்டும். ஓராண்டு சொற்பொழிவிற்கழைத்த ஓர் ஊரார் எமக்கு ஆட்டோ அனுப்பினர். வழிநெடுக எம் உள்ளம் சுருங்கியே இருந்தது. அன்று பேசிய பொருள் யானெனதறுதல்!

இவையெல்லாம் கேட்ட அன்பர், “ஐயா சொல்வது எனக்கு விளங்குகிறது, மாப்பிள்ளை வீட்டாருக்கு யார் சொல்வது?” என்றார். அதற்கு எம்பால் விடையில்லை. நன்னாள் இன்னும் குறித்துத் தந்திலேம். வரும் ஞாயிறன்று வரன் வீட்டார் மூவர் புகைவண்டியில் வருகின்றனர். அச்சிறு வண்டியிலேயே நிலையம் சென்று அவர்களை அழைத்துவர அன்பர் இசைந்துள்ளார்; யாமும் உடன் செல்கின்றேம்.