யார் இட்ட துளை?

ஜும்ஆ தொழுது முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, செருப்பைத் தேடிக்கொண்டே பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்று உண்டு. “அந்தக் காலம் போல வருமா? இப்போது யார் யாரைப் பார்க்கிறார்கள்? அவரவர் வீடு, அவரவர் கதவு” என்பார்கள். நாமும் ஆமாம் என்று தலையை அசைத்துவிட்டு, நம் வீட்டுக்குப் போய் நம் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

அண்டை அயலார் என்ற உறவு உண்மையிலேயே அற்றுப்போய்விட்டதா? அல்லது உறவு இருந்தும், அது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வேலை செய்யாமல் கிடக்கிறதா? இதை வெறும் ஏக்கமாகப் பேசிப் பயனில்லை. நம் திருச்சி மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை வைத்துச் சிந்தித்துப் பார்ப்போம்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி வரும். வையம் என்றால் உலகம். ஊரின் பெயரிலேயே உலகத்தை வைத்திருக்கிறார்கள். ஆனால் மண் வறண்ட மண். ஸ்ரீரங்கத்தையும் லால்குடியையும் போல் காவிரி வாய்க்கால் பாயும் பூமி அல்ல. மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி என்று இந்தப் பக்கம் கல்லும் கரடுமான மேட்டு நிலம். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணறுதான் கதி. ஐநூறு அடி, அறுநூறு அடி என்று ‘போர்’ போடுவார்கள். தண்ணீர் வந்தால் பயிர், வராவிட்டால் கடன். பொய்த்துப்போன போரிலிருந்து குழாயை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். துளை மட்டும் அங்கேயே நிற்கும்.

2019 அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை. மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்துவிட்டது. ஒரு சாண் அகலமும் இல்லாத துளை. முதலில் முப்பது அடிக்குள் நின்ற குழந்தை, மீட்பு முயற்சி நடந்துகொண்டிருக்கும்போதே இன்னும் கீழே நழுவி, எண்பது அடிக்கும் மேலான ஆழத்துக்குப் போய்விட்டது. தீயணைப்புப் படையினர் வந்தார்கள். பேரிடர் மீட்புப் படையினர் வந்தார்கள். பெரும் துளையிடும் எந்திரங்கள் வந்தன. பக்கத்தில் இன்னொரு குழியைத் தோண்டி அதன் வழியே போய்க் குழந்தையை எடுத்துவிடலாம் என்று இரவு பகலாகப் போராடினார்கள். அடியில் இருந்த கடும்பாறை வழிவிடவில்லை. 27 ஆம் தேதி தீபாவளி. கோயிலிலும் தேவாலயத்திலும் பள்ளிவாசலிலும் அந்த ஒரு குழந்தைக்காகக் கைகள் உயர்ந்தன. 29 ஆம் தேதி விடியுமுன் உயிரற்ற உடல்தான் மேலே வந்தது.

அந்த நான்கு நாட்களில் இந்த நாட்டில் அண்டை அயலார் உறவு செத்துவிட்டது என்று யாராவது சொல்லியிருக்க முடியுமா? முன்பின் அறியாதவர்கள் அழுதார்கள். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோதும் இதைத்தான் கண்டோம். பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்துவிட்டன. வெள்ளம் வடிந்தபின் நம் இளைஞர்கள் கோயில்களையும் துப்புரவு செய்தார்கள். ஆகவே மனித உள்ளம் வறண்டுவிட்டது என்று சொல்வது, அதைப் படைத்தவனுக்கே நன்றி கெட்ட பேச்சாகும். உள்ளத்தில் ஈரம் இருக்கிறது.

ஆனால் வேறொரு கேள்வி எஞ்சி நிற்கிறது. ஊரெல்லாம் கூடியது குழந்தை விழுந்த பிறகு. விழுவதற்கு முன்னால் நாம் எல்லாரும் எங்கே இருந்தோம்?

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் மீது விரல் நீட்ட நாம் இதை எழுதவில்லை. அவர்களுடைய துக்கத்துக்கு முன் தலைகுனிவதைத் தவிர நமக்கு வேறு உரிமை இல்லை. ஒரு வீட்டைப் பற்றி அல்ல, நம் எல்லாருடைய வழக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். 2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திர மாவட்டத்தில் இப்படியே விழுந்த சிறுவன் ஒருவனை இராணுவத்தினர் ஏறத்தாழ ஐம்பது மணி நேரத்துக்குப் பின் உயிரோடு மீட்டார்கள். நாடே கொண்டாடியது. ஆனாலும் துளைகள் திறந்தே கிடந்தன. 2010 இல் உச்ச நீதிமன்றம் விதிமுறைகளை வகுத்தது. போர் போடுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சுற்றிலும் வேலி போட வேண்டும். குழாயின் வாயை மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் மணலும் கல்லும் இட்டு நிரப்ப வேண்டும் என்று சொன்னது. 2015 இல் தமிழ்நாட்டிலும் இதற்கென விதிகள் வந்தன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே நடுக்காட்டுப்பட்டி.

சட்டம் தாளில் இருக்கிறது. துளை தெருவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டியவர் யார்? அண்டை வீட்டார்தாம். அதிகாரி ஆண்டுக்கு ஒருமுறை வருவார். அண்டை வீட்டார் அந்த வழியாகத் தினமும் நடக்கிறார்.

பெருமானார் (ஸல்) அவர்கள் சொன்ன ஓர் உவமை நினைவுக்கு வருகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் வாயிலாக புகாரியில் பதிவாகியிருப்பது. ஒரு கப்பலில் சிலர் மேல் தளத்திலும் சிலர் கீழ்த் தளத்திலும் பயணம் செய்கிறார்கள். கீழே உள்ளவர்கள் தண்ணீருக்காக மேலே ஏறி வந்து போக வேண்டியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு ஏன் தொந்தரவு, நம் பங்கில் ஒரு துளை போட்டு நாமே தண்ணீர் எடுத்துக்கொள்வோம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மேலே உள்ளவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டால் எல்லாரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பார்கள்.

கீழ்த் தளத்தார் கெட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் துளையிட நினைத்தார்கள். மேல் தளத்தாரும் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. சும்மா இருந்தாலே போதும், கப்பல் மூழ்கிவிடும். ‘என் இடம், என் துளை’ என்ற பேச்சும் ‘அவர் இடம், நமக்கென்ன’ என்ற பேச்சும் சேர்ந்துதான் அந்தக் கப்பலை மூழ்கடிக்கின்றன.

இதைப் பிறருக்குச் சொல்லுமுன் நம் கதையையும் சொல்லிவிடுகிறோம். நடுக்காட்டுப்பட்டித் துயரத்துக்குப் பிந்திய ஒரு கோடையில் வையம்பட்டிப் பக்கம் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தோம். அஸர் தொழுதுவிட்டு, அந்த ஊர்க்காரர் ஒருவரோடு காட்டுப் பாதையில் காலாற நடந்தோம். பாதையோரத்தில் தரையோடு தரையாக ஒரு துளை. அதன்மேல் ஓர் உரச்சாக்கு. சாக்கின்மேல் காய்ந்த முள். “இது என்ன போரா?” என்று கேட்டோம். “ஆமாம், பொய்த்துப் போனது. அவங்க இடம். நாம சொன்னா, ஒங்களுக்கு என்னன்னு கேப்பாங்க” என்றார் அவர். நாமும் அதற்குமேல் ஒன்றும் பேசாமல் நடந்துவிட்டோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று எத்தனை மேடைகளில் பேசியிருப்போம்! அன்று அந்த இடையூறு காலடியிலேயே கிடந்தது, தாண்டிப் போனோம்.

இரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அந்த நண்பரையே அழைத்துக்கொண்டு நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனோம். சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ திண்ணையில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். “ஒரு வருசமா நெனச்சுக்கிட்டேதான் இருக்கேன் பாய். இன்னிக்கு மூடலாம், நாளைக்கு மூடலாம்னு கெடந்துபோச்சு. ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேன்” என்றார். அன்று மாலைக்குள் டிராக்டரில் மண்ணும் சரளையும் வந்தன. பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். துளை நிரம்பியது. ஓராண்டு திறந்து கிடந்ததை மூட ஒரு பொழுது போதுமாக இருந்தது. குறைவாக இருந்தது ஒரு சொல்தான்.

அந்த ஒரு சொல் நம்மிடையே ஏன் அருகிப்போயிற்று? தண்ணீரை வைத்தே இதை யோசிக்கலாம். முன்பு ஊருக்குப் பொதுக் கிணறு இருந்தது. குடமும் கயிறுமாகப் போகும் பெண், நாலு பேரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டு அடுப்பு புகையவில்லை என்பது கிணற்றடியில் தெரிந்துவிடும். கிணற்றுச் சுவர் சரிந்தால் எல்லார் கண்ணிலும் படும். பிறகு வீட்டுக்கு வீடு போர் வந்தது; விசையைத் தட்டினால் தண்ணீர் கொட்டியது. பெண்களின் இடுப்பொடியும் பாடு குறைந்தது, அது நல்லதுதான். ஆனால் அண்டை வீட்டாரிடம் நமக்கு ஒரு தேவையும் இல்லை என்றாகிவிட்டது. தேவை போன இடத்தில் பழக்கம் போனது. பழக்கம் போன இடத்தில் ஒரு வார்த்தை சொல்லும் உரிமையும் போனது.

அதற்காக அந்தக் காலத்தைப் பொன்காலம் என்று பாடவும் நாம் தயாராக இல்லை. பொதுக் கிணறு எல்லாருக்கும் பொதுவாகவா இருந்தது? எத்தனை ஊர்களில் சாதியின் பெயரால் மனிதர்கள் கிணற்றடிக்கே வரவிடாமல் நிறுத்தப்பட்டார்கள்! மஹத் நகரின் பொதுக் குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடிப்பதற்கே 1927 இல் டாக்டர் அம்பேத்கர் பெரும் கூட்டத்தைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்கள் கூடிக் குலாவுவதற்கு ஒற்றுமை என்று பெயர் வைக்க முடியாது. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொடுத்து வாங்கி மக்களுக்கு விட்டுக்கொடுத்தார்களே, அந்தக் கிணற்றைத்தான் நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும். பழைய ஊரில் இருந்த நெருக்கம் நமக்கு வேண்டும். பழைய ஊரில் இருந்த வேலி நமக்கு வேண்டாம்.

இங்கே சில சகோதரர்கள் ஒரு நியாயத்தைக் கேட்பார்கள். “பிறர் விஷயத்தில் தலையிடக்கூடாது, துருவித் துருவி ஆராயக்கூடாது என்று மார்க்கமே தடுத்திருக்கிறதே?” ஆம், சூரா ஹுஜுராத்தில் அல்லாஹ் அதைத் தடுத்திருக்கிறான். ஆனால் எதைத் தடுத்தான்? மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் குறையைத் தேடுவதைத் தடுத்தான். தெருவை நோக்கித் திறந்து கிடக்கும் குழி யாருடைய இரகசியமும் அல்ல. நாமோ இதைத் தலைகீழாக்கிவிட்டோம். அடுத்த வீட்டில் என்ன சண்டை, யார் வந்து போனார்கள், மகளுக்கு என்ன நகை போட்டார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்த வீட்டின் முன்னே மின்கம்பி தொங்குவதும், கழிவுத் தொட்டியின் மூடி உடைந்திருப்பதும், தனியாக இருக்கும் மூதாட்டியின் வாசல் இரண்டு நாளாகப் பெருக்கப்படாமல் கிடப்பதும் நமக்குத் தெரியாது. கேட்கக்கூடாததைக் கேட்கிறோம்; சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறோம்.

சொல்வது மட்டும் போதாது. சொல்லக் கேட்பதும் அண்டை வீட்டார் கடமைதான். நம் வாசலில் உள்ள குறையை ஒருவர் எடுத்துச் சொன்னால், “நீ யார் கேட்க?” என்று சீறுகிறோமா, மோர் கொடுத்து உட்கார வைக்கிறோமா? இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தெருவில் உறவு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல உரைகல் இல்லை.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதைக் கண்டு, அவரைச் சொத்துக்கே வாரிசாக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்பதை அறிவோம். அந்த அண்டை வீட்டார் நம்மவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். ரமளானில் நோன்புக் கஞ்சி வாளியோடு எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிவாசல் முன் நிற்கும் காட்சி நம் ஊர்களில் இன்றும் உண்டு. அந்தக் கஞ்சி வாளி போகும் வழியிலேயே நம் கண்ணும் போகட்டும்.

மஹல்லா ஜமாஅத்தார் இதற்காகப் பெரிய சங்கம் எதுவும் அமைக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள் அஸருக்குப் பின் நாலு பேர் தெருத்தெருவாக நடந்து வரட்டும். திறந்த துளையைக் கண்டால் வீட்டுக்காரரிடம் இதமாகச் சொல்லட்டும். அவரால் இயலாவிட்டால் கூடி நின்று மூடட்டும். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் அமைப்பாக மாற்றவும் வழி இருக்கிறது. கேட்காதவர் இருந்தால் ஊராட்சிக்குத் தெரிவிக்கட்டும். இதைச் செய்யும்போது இது யார் வீட்டுத் துளை, எந்தச் சாதிக்காரர் நிலம் என்று பார்க்க வேண்டாம். விழப்போகும் குழந்தை அதைப் பார்ப்பதில்லை.

“இப்போது யார் யாரைப் பார்க்கிறார்கள்?” என்று இனி யாராவது பள்ளிவாசல் வாசலில் கேட்டால், தலையை அசைத்துவிட்டு வர வேண்டாம். “வாருங்கள், நாம் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்” என்று அவர் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியை அன்று ஒரு தெரு கூட்டிக்கொள்வோம்.

துயரம் வந்தபின் அழுவதற்கு மட்டுமன்றி, அது வருமுன் தடுப்பதற்கும் ஒன்றுகூடும் நற்பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.