இலையில் வெட்டிய அளவு

வேடனுக்கு அம்புமுனை வேண்டும். அவனிடம் உலையும் இல்லை, சம்மட்டியும் இல்லை. கொல்லனின் முகம் பார்த்து விலை பேசவும் அவனுக்கு விருப்பமில்லை. இரவோடு இரவாக வந்து பட்டறையில் இறைச்சியைக் கட்டித் தொங்கவிடுகிறான். பக்கத்தில், தனக்கு வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய ஓர் இலை. கொல்லன் அந்த அளவுக்கே அடித்து அதே இடத்தில் வைத்தால் மேலும் இறைச்சி வரும். அடிக்காவிட்டால் என்றாவது ஓர் இரவில் அம்பு வரும்.

இதை எழுதிவைத்தவர் றொபேட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர். 1681இல் அவருடைய நூல் இலண்டனில் வெளிவந்தது. திருகோணமலை அன்புவழிபுரத்தார்க்குக் கொட்டியாரம் தூரத்துச் சீமையல்ல. துறைமுகத்துக்கு அப்பால் இருக்கும் அயல். அங்கே மூதூர், வெருகல் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர் வழிவந்தோர் இன்றும் வாழ்கிறார்கள்.

இலையை வெட்டும்போது வேடன் எதையெல்லாம் எண்ணியிருப்பான்? துவக்கு ரவையின் வேகம் அம்புக்குக் கிடையாது. அது அறுத்து, இரத்தம் வடியவைத்தே கொல்லும். முனையை அகலமாக்கினால் வெட்டு பெரிதாகும். ஆனால் கைவில்லின் விசை விலா எலும்போடு நின்றுவிடலாம். ஒடுக்கினால் ஆழமாக இறங்கும். வெட்டு சிறுத்து, மான் நெடுந்தூரம் ஓடி, யார் கண்ணிலும் படாமல் பற்றைக்குள் கிடந்து சாகலாம். விளிம்பு மழுங்கியிருந்தால் இரத்தக் குழாய் வழுக்கி விலகும். கூராக இருந்தால்தான் அறுபடும். பின்முள் வைத்தால் தப்பிய மானின் உடம்பிலேயே இரும்பு தங்கிவிடும். இன்று அமெரிக்காவில் பழைய முறை வில்லோடு மான் வேட்டைக்குப் போவோர், முன்னங்கை மயிரை மழிக்கிற அளவுக்கு முனையைத் தீட்டுகிறார்கள். அங்கே பல மாநிலங்களில் முனையின் குறைந்தபட்ச அகலத்தைச் சட்டமே சொல்கிறது. பின்முள்ளுக்குத் தடையும் உண்டு.

ஆகவே அந்த இலையின் ஓரத்தில் மானின் உடம்பு முழுவதும் எழுதப்பட்டிருந்தது: தோலின் தடிப்பு, விலாவின் இடைவெளி, நுரையீரலின் ஆழம். தான் எவ்வளவு கிட்டப் போக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அம்பு வில்லில் ஏறுமுன்பே, தான் செய்யப்போகும் கொலையின் வடிவம் அவனுடைய உள்ளங்கையில் கிடந்தது.

இன்றைய திருகோணமலையில் வில் தூக்குவார் இல்லை. 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வனவிலங்குகளுக்குக் காவல். பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு மிரளாமல் நிற்கின்றன. பிள்ளைகள் வாழைப்பழம் நீட்டுகிறார்கள். அப்படியிருந்தும் மான் சாகிறது. கறிவாசம் ஒட்டிய சொப்பிங் பையைக் குப்பையிலிருந்து இழுத்து மென்று விழுங்குகிறது. பை செரிக்காது, வெளியேறாது. இரைப்பையில் ஒன்றோடொன்று சுருண்டு திரண்டு, புல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிறைந்திருக்க மான் பட்டினியால் மெலியும். காட்டோரத்தில் கட்டுத்துவக்கு வேறு. கயிறு இழுபட்டால் வெடிக்கும். வந்தது பன்றியா, மானா, விறகுக்கு வந்த ஆளா என்று அதற்குத் தெரியாது. கட்டியவன் வீட்டில் நித்திரை.

வேடனைப் புனிதனாக்க வேண்டியதில்லை. அவன் பசிக்குக் கொன்றான். முனை கிடைக்காவிட்டால் கொல்லனையும் விடான். ஆனால் தன் கையால் விளையப்போவதை அவன் அறிந்திருந்தான். சாப்பாட்டுப் பார்சலைப் பையில் போட்டுக் கொடுத்த கடைக்காரரும், கடற்கரையில் குடும்பத்தோடு உண்டு பையை எறிந்தவரும் மானைக் கொல்ல நினைத்தவர்களா? மானுக்குப் பழம் ஊட்டியவர்களே அவர்களாகவும் இருக்கலாம். அந்தப் பைக்கு யாரும் அளவு வெட்டிக் கொடுக்கவில்லை. அதனாலேயே அந்தச் சாவுக்குப் பொறுப்பாளி என்று எவரும் இல்லை.

ஓர் உயிருக்கும் தீங்கு நினையேன் என்று சொல்வதில் நமக்கு நிறைவு வந்துவிடுகிறது. நினையாமை எளிது, மறந்திருந்தாலே போதும். நம் கையைவிட்டுப் போகும் பொருள் எந்த உடம்பில், எவ்வளவு ஆழம் இறங்கும் என்று போகுமுன்பே அளந்து பார்ப்பதுதான் கடினம். இரக்கம் மனத்தில் பிறக்கலாம். அந்த அளவைப் பார்த்த பிறகே அது அறமாகிறது.