பச்சை எடை, வெந்த எடை

மாப்பிள்ளையூரணியில் கோழிக்கடைப் பலகையில் இரண்டு விலை எழுதியிருக்கும். உயிர் ஒரு விலை, கறி ஒரு விலை. கோழி ஒன்றுதான், இறகும் குடலும் போகுமுன் ஓர் எடை, போனபின் ஓர் எடை. வாங்குகிறவர் யாரும் குழம்புவதில்லை. மூன்றாவது எடை வீட்டு அடுப்பில் பிறக்கிறது. அதற்குப் பலகை கிடையாது.

*

ஜிம்முக்குப் போகும் அக்கா மகன் அடுப்படியில் சின்ன மின்தராசு ஒன்று வைத்திருக்கிறான். தோலில்லாத நெஞ்சுக்கறி பச்சையாக 200 கிராம். வெந்து இறங்கியதும் 150. எதைக் குறிப்பது என்று செல்போனோடு அவன் நிற்க, அக்கா கேட்டாள்: “வெந்தபொறவு எடை போட்டா என்ன, வேகுமுன்ன போட்டா என்னல? திங்கப்போறது நீதான?”

நியாயமான கேள்வி. பச்சை நெஞ்சுக்கறி 100 கிராமுக்குச் சுமார் 120 கலோரி, வெந்தது 100 கிராமுக்குச் சுமார் 165. பச்சை எடைக்குப் பச்சைக் கணக்கு போட்டால் 240, வெந்த எடைக்கு வெந்த கணக்கு போட்டால் 247. ஏறக்குறைய ஒன்றே. மாற்றிப் போட்டால்தான் வம்பு: 150 கிராமைப் பச்சைக் கணக்கில் பார்த்தால் 180, 200 கிராமை வெந்த கணக்கில் பார்த்தால் 330. தட்டில் இருப்பது அதே கறி.

*

சூட்டில் தசைப் புரதம் இறுகி, பிடித்துவைத்திருந்த தண்ணீரை வெளியே தள்ளுகிறது. குறைந்த 50 கிராமில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்; அதற்குக் கலோரி இல்லை. உப்பளத்தில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்க வேண்டாம். பாத்தியில் தண்ணீர் வற்றும்போது உப்பு அதிகமாவதில்லை, நெருங்குகிறது.

கருவாடும் அப்படித்தான். பச்சை மீனில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். வெயில் அதை எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் ஒரு கைப்பிடி நெத்திலியில் புரதம் அடர்ந்திருக்கிறது. (உப்பும்தான். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கலோரியை விட்டுவிட்டு அதைப் பார்க்கட்டும்.) சோறு எதிர்த்திசையில் போகிறது: 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, தண்ணீர் குடித்து வெந்த 100 கிராம் சோற்றில் 130.

*

பச்சையா வெந்ததா என்பதற்கு அட்டவணை போடுகிறவர்களிடமும் ஒரு பதில் உண்டு. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம், 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், பிறகு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அது 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணை சமைக்காத பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறது; அதுவும் உண்ணத்தக்க பகுதி 100 கிராம். முள், செதில், குடல் எல்லாம் கழித்த எடை. நம் மீன்காரம்மாவோ சாளையை முழுசாக எடை போட்டுத் தருகிறார். ஆக வேகுமுன்பே ஒரு கழித்தல் இருக்கிறது.

பச்சையை அளப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. ஒரு வீட்டில் அரைவேக்காடு, இன்னொரு வீட்டில் கருகும்வரை வறுவல். வெந்த எடை ஆளுக்கு ஆள் மாறும். பிரியாணி மாஸ்டர்கள் ‘கிலோவுக்குக் கிலோ’ என்று சொல்வதும் வேகாத அரிசியையும் வேகாத கறியையும்தான்.

*

240-க்கும் 247-க்கும் உள்ள அந்த 7 கலோரி வித்தியாசத்துக்கு மண்டையை உடைக்க வேண்டாம். கலோரிக் கணக்கே தோராயம்தான். ஒரு கிராம் புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்ற பெருக்கல், அட்வாட்டர் என்ற ஆய்வாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. செரிப்பதற்கு உடல் செலவழிப்பது அதில் கழிக்கப்படவில்லை. வேகவைத்த உணவிலிருந்து உடல் கூடுதலாக ஆற்றல் எடுக்கிறது என்று ஆய்வாளர் ரிச்சர்ட் ராங்கம் 2009-இல் ஒரு புத்தகமே எழுதினார். 2011-இல் அவரும் சகாக்களும் சுண்டெலிகளுக்குக் கறியைப் பச்சையாகவும் வேகவைத்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வெந்த கறி தின்றவற்றுக்கே உடம்பு நன்றாக நின்றது.

*

கறியைச் சுட்டுத் தின்பவனுக்கு இவ்வளவு போதும். குழம்பு வேறு. கறி விட்ட தண்ணீரும் கொழுப்பும் சட்டியை விட்டுப் போகவில்லை. தேங்காயோடும் எண்ணெயோடும் கலந்து நிற்கின்றன. துண்டை வெளியே எடுத்து எடை போட்டால் மசாலாவும் சேர்ந்து வரும். வழி ஒன்றுதான்: சட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் பச்சையாக எடை போட்டு மொத்தக் கலோரியைக் கூட்டிக்கொள்வது, இறக்கியபின் சட்டியோடு எடை பார்த்து, வெறுஞ்சட்டி எடையைக் கழித்து, தட்டுக்கு வந்த பங்கை விகிதத்தில் பிரிப்பது.

அக்காவிடம் சொன்னேன். “அப்போ வெறுஞ்சட்டிய இப்பமே எடை போட்டு எழுதி வச்சிக்கிடுங்க. கொதிக்கும்போது வந்து கேக்கப்பிடாது” என்றாள்.